புட்டிப்பால் குடித்து வளர்ந்த கிடாயை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தாயாடு ஈன்ற மறுநாளே இறந்துபோனதால், உங்கள் மாமனார் ஊரிலிருந்து துண்டில் சுற்றி எடுத்துவந்த கன்னி இன ஆட்டுக்குட்டியை, மதுரைப் புறநகரில் இருக்கும் உங்கள் வீட்டில் ஒன்பது வயது மகள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்திருக்கிறாள். அது கிடாய், இப்போது ஆறு மாதம் ஆகிறது. பள்ளி வேன் வரும் தெருமுனை வரைக்கும் அவள் பின்னாலேயே போய், அவள் ஏறியதும் திரும்பி வந்து வாசற்படியில் படுத்துக்கொள்கிறது. ஒரு மாதமாக முட்டத் தொடங்கியிருக்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டுச் சிறுவனைக் கீழே தள்ளிவிட்டது. குலதெய்வத்துக்கு நேர்ந்து விட்டுவிடலாம் என்று மாமனாரும், தெரிந்த கீதாரி ஒருவரிடம் மந்தையில் சேர்த்துவிடலாம் என்று கணவரும் சொல்கிறார்கள். ஆடு நாயைப்போல ஒரு வீட்டில் காலம் முழுக்க வாழ முடியுமா, அது காட்டும் பாசம் உண்மையா, தீவனத்துக்கான பழக்கம்தானா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் வரிகளுக்கு இடையில் எனக்குத் தெரிந்தது வேறொரு பயம்: இதை வைத்துக்கொள்வதால் மகளுக்கோ ஆட்டுக்கோ கெடுதல் செய்கிறோமோ என்பது. அந்தப் பயத்துக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் தென்மாவட்டக் கிராமங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுக் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என்னிடம் வந்த ஆடுகளில் பெரும்பாலானவை மந்தை ஆடுகள். வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தவை குறைவு. ஆனால் அந்தக் குறைவான ஆடுகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்க நேர்ந்தது. மந்தை ஆட்டுக்கு நோய் மழையிலும் மேய்ச்சலிலும் இருந்து வருகிறது. செல்லமாக வளர்ந்த ஆட்டுக்கு அது பெரும்பாலும் அன்பிலிருந்து வருகிறது. ஆகவே, வைத்துக்கொள்ளலாம் என்பதே என் பதில். ஆனால் நீங்கள் இப்போது பிரியமாகச் செய்துகொண்டிருக்கும் சில காரியங்களை நிறுத்துவதாக இருந்தால் மட்டும்.

பாசத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. ஆடு ஆட்களைத் தனித்தனியே அடையாளம் காணும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கிலாந்தின் பாப்ரஹாம் நிலையத்தார் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், செம்மறிகள் ஐம்பது செம்மறிகளின் முகங்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருந்தன. வெள்ளாடுகளைப் பற்றி லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட சோதனை உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. பெட்டியைத் திறந்து தீனியை எடுக்கப் பழகிய ஆடுகளுக்கு, மூடியைத் திறக்கவே முடியாதபடி செய்து கொடுத்தபோது, அவை அருகிலிருந்த மனிதரை நிமிர்ந்து பார்த்தன. அவர் தம்மைப் பார்த்து நின்றபோது அதிக நேரமும், முதுகு காட்டி நின்றபோது குறைந்த நேரமும் பார்த்தன. நாயும் குதிரையும் செய்வதாக நாம் அறிந்திருந்த செயல் இது. 2018-ல் அதே குழுவினர் இருபது ஆடுகளிடம் ஒரே மனிதரின் சிரித்த முகப் படத்தையும் கோபமான முகப் படத்தையும் காட்டியபோது, அவை சிரித்த முகத்தை நோக்கியே அதிகம் போயின. இந்த ஆடுகள் கென்ட் பகுதியில் ஒரு காப்பகத்தில் மனிதர்களோடு பழகி வாழ்ந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. கரிசல் காட்டில் மேயும் ஒரு மந்தையிடம் இதே முடிவு வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதற்கு மேல் போனால் தரை உறுதியாக இல்லை. உங்கள் மகள் வேனில் ஏறியதும் குட்டி கத்துவது பிரிவின் வருத்தமா, துணையில்லாமல் தனியே நிற்பதன் பதற்றமா என்பதைப் பிரித்துச் சொல்லும் கருவி எந்த மருத்துவரிடமும் இல்லை. இரண்டும் ஒன்றேதான் என்றுகூட வாதிடலாம். தீவனத்துக்கான பழக்கம்தானே என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை; புட்டி நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகும் அது அவள் பின்னால்தான் போகிறது, தட்டு வைக்கும் உங்கள் பின்னால் போகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்துச் சல்லிக்கட்டுக் காளைகளை எண்ணிப் பாருங்கள். வாடிவாசலில் ஒருவரையும் அண்டவிடாத காளையை, வளர்த்த வீட்டின் சிறுமி கயிற்றைப் பிடித்துக் குளத்துக்கு ஓட்டிப் போகிறாள். அந்த விலங்கு யார் தன்னவர், யார் அயலார் என்று கணக்கு வைத்திருக்கிறது. அதைப் பாசம் என்று நீங்கள் அழைத்தால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் இதே பற்றுதல்தான் முட்டுவதற்கும் வேர். தாயில்லாமல், வேறு ஆடுகளையே பார்க்காமல், மனிதர் கையில் மட்டும் வளர்ந்த ஆண் குட்டி தன்னை மனிதக் கூட்டத்தின் உறுப்பாக எண்ணி வளர்கிறது. சிறியதாக இருக்கும்வரை அது நமக்கு இனிமையாக இருக்கிறது. பருவத்துக்கு வரும்போது, ஒரு கிடாய் இன்னொரு கிடாயிடம் காட்ட வேண்டிய போட்டியை அது நம்மிடம் காட்டுகிறது. ஹியர்ஃபோர்டு இனக் காளைக்கன்றுகளை வைத்து 1990-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: கையால் பால் கொடுத்தது மட்டும் அவற்றை முரடாக்கிவிடவில்லை, தம் இனத்திடமிருந்து பிரித்துத் தனியாக வளர்த்ததுதான் மனிதர்மீது பாய்பவையாக ஆக்கியது. ஆட்டுக்கிடாயிடமும் நான் கண்டது இதுவே. கன்னி ஆட்டுக்கிடாய்க்கு நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் ஆண்தன்மை வந்துவிடும். அது கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அதன் வயதுக்குரியதைத் தவறான இடத்தில் செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே உங்கள் வீட்டில் நடக்கும் ஒன்றை நான் ஊகிக்கிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர், பெரும்பாலும் வீட்டு ஆண்களில் ஒருவர், குட்டியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளி விளையாடியிருப்பார். குட்டி பின்வாங்கி, தலையைத் தாழ்த்தி, கையில் வந்து முட்டும்போது எல்லாரும் சிரித்திருப்பீர்கள். மூன்று கிலோ குட்டியிடம் அது வேடிக்கை. கொம்பு முளைத்த இருபத்தைந்து கிலோக் கிடாய் அதே விளையாட்டுக்கு அழைக்கும்போது எட்டு வயதுச் சிறுவன் விழுகிறான். இன்றிலிருந்து நெற்றியைத் தொடுவதை எல்லாரும் நிறுத்த வேண்டும். தடவ வேண்டுமென்றால் தாடைக்குக் கீழும் கழுத்துப் பக்கத்திலும் விலாவிலும் தடவட்டும். அது தலை தாழ்த்தி வரும்போது கொம்பைப் பிடித்துத் தள்ளுவதும், குச்சியால் தலையில் அடிப்பதும் அதற்கு அறைகூவலாகவே படும். முகத்தில் கொஞ்சம் தண்ணீர் வீசுங்கள், இல்லையென்றால் விலகி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். தோற்றவரும் இல்லை, வென்றவரும் இல்லை என்று ஆகிவிடும். இது ஒரு வாரத்தில் பலன் தராது.

விளையாட்டை நிறுத்தினால் மட்டும் போதாது, காயடிக்கத்தான் வேண்டும். காயடிக்காத கிடாய் தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே சிறுநீர் பீச்சிக்கொள்ளும்; கொம்புக்குப் பின்னால் இருக்கும் சுரப்பிகளின் மொச்சை வாடை உங்கள் வீட்டுத் திரைச்சீலை வரைக்கும் ஏறும். வாசற்படியில் அதற்கு இடம் கொடுத்த அதே கை அதை விரட்டும் நாள் அப்போது வந்துவிடும். ஆறு மாதத்தில் காயடிப்பது தாமதமும் இல்லை, அவசரமும் இல்லை. அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்தில், தோலைக் கிழிக்காமல் விதைத்தண்டை மட்டும் நசுக்கும் பர்டிசோ கருவியால் சில நிமிடங்களில் செய்துவிடுவார்கள். வலிகுறைப்பு ஊசியும் விறைப்பு நோய்க்கான (டெட்டனஸ்) தடுப்பூசியும் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஊரில் பிளேடால் அறுத்துக் காயடிப்பவரை அழைக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். விறைப்பு நோய் வந்து தாடை பூட்டிக்கொண்ட குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன், அவற்றில் ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லை. காயடித்த அன்றே குணம் மாறாது. ஒன்றிரண்டு மாதங்களில் வாடையும் பாய்ச்சலும் தணியும் என்று உறுதியாகச் சொல்லலாம். கற்றுக்கொடுத்த விளையாட்டு முழுவதும் மறைந்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது.

காயடித்த ஆட்டுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. கிடாயின் சிறுநீர்க் குழாய் நீளமானது. நடுவில் எஸ் எழுத்தைப்போல வளைந்து, நுனியில் நூல்போல மெலிந்து முடிகிறது. தவிடு, கம்பு, அரிசி, மக்காச்சோளம் போன்ற எரியம் (பாஸ்பரஸ்) மிகுந்த தீனியை நாள்தோறும் தின்னும் ஆட்டுக்குச் சிறுநீரில் மணல்போலக் கற்கள் படிந்து அந்த வளைவிலோ நுனியிலோ அடைத்துக்கொள்ளும். மிக இளம் வயதில் காயடித்த ஆட்டுக்குக் குழாய் இன்னும் குறுகலாகவே நின்றுவிடுகிறது. ஆறு மாதம்வரை பொறுத்தது அந்த வகையில் உங்களுக்குச் சாதகம் என்றாலும், அது எவ்வளவு காப்பாற்றும் என்பதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. தீனி பற்றித்தான் கருத்து வேறுபாடு கிடையாது. மந்தையில் இந்த நோயை அரிதாகவே பார்ப்போம், ஏனென்றால் மந்தை ஆட்டுக்கு யாரும் கிண்ணத்தில் தவிடு நீட்டுவதில்லை. வீட்டுச் செல்லத்துக்குத்தான் நீட்டுகிறோம்.

சோற்றைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுதுகிறேன். பணியில் இருந்த காலம் முழுவதும் மாட்டுப் பொங்கலன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை. ஓராண்டு இரவு ஒன்பது மணிக்கு ஒரு வீட்டு ஆட்டைத் தூக்கி வந்தார்கள். கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம், இடப்பக்க வயிறு முரசுபோல விம்மியிருந்தது, நிற்கக் கால் தள்ளாடியது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். சர்க்கரைப் பொங்கல், ஒரு கிண்ணம்தான் என்றார் வீட்டுக்காரர். பிறகு அந்த வீட்டின் மூன்று பிள்ளைகளையும் தனித்தனியே கேட்டபோது, ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்திருந்தது தெரிந்தது. பாட்டி கொடுத்தது தனி. விடியற்காலை அந்த ஆடு இறந்தது. கொன்றது எது என்று பிள்ளைகள் முன்னால் நான் சொல்லவில்லை. சொல்லாதது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அன்று நடந்தது இதுதான். ஆட்டின் பெருவயிறு தழையையும் புல்லையும் மெதுவாக நொதிக்க வைக்கும் ஒரு பானை. அதில் வாழும் நுண்ணுயிர்கள்தான் உண்மையில் செரிமானம் செய்கின்றன. வெந்த சோறும் வெல்லமும் திடீரென்று நிறைய வந்து விழுந்தால், மாவுச்சத்தைத் தின்னும் கிருமிகள் சில மணி நேரத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. புளிப்பு ஏற ஏற மற்ற நுண்ணுயிர்கள் செத்து, வயிறு அசைவதை நிறுத்தி, அமிலம் இரத்தத்தில் கலக்கிறது. ஒரு கவளம் சோறு ஆட்டைக் கொல்லாது. ஆனால் ஒரு கவளத்தில் யாரும் நிறுத்துவதில்லை, அதுவே சிக்கல். பலாப்பழச் சக்கை, விருந்தில் மிஞ்சிய சாதம், இட்லி மாவு, பிஸ்கட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றுவது முதலுதவியாக உதவக்கூடும். ஆனால் தலையை மேலே தூக்கிப் பிடித்து அவசரமாக ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆகையால் வயிறு உப்பியதைக் கண்டால் கைவைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் 1962 என்ற எண்ணுக்கு அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேளுங்கள், வரத் தாமதமாகும் என்றால் நீங்களே தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போங்கள்.

தின்ன வேண்டியது தழை. உங்கள் கிடாயின் எடைக்கு நாளொன்றுக்கு இரண்டரை, மூன்று கிலோ பசுந்தழை வேண்டும். அகத்தி, வேலிமசால், வாகை, கல்யாணமுருங்கை, ஆலிலை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். சூபாபுல் கொடுக்கலாம், அதையே முழு உணவாக்கக் கூடாது. வெள்ளாடு தலையை உயர்த்திக் கடித்துத் தின்னும் பிராணி என்பதால் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள்; தரையில் போட்டால் மிதித்துவிட்டுத் தின்னாது, தின்றாலும் குடற்புழு ஏறும். அரளி உள்ள தோட்டத்துக்குள் அதை விடவே கூடாது, சில இலைகள் போதும் சாவதற்கு. மரவள்ளித் தழையும் இளஞ்சோளப் பயிரும் அதேபோல நஞ்சு. தண்ணீர் எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும், ஏனெனில் ஆடு அழுக்குத் தண்ணீரைக் குடிக்காமல் தாகத்தோடு நிற்கும். கல் அடைப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று: துணை. ஆடு தனியாக வாழப் பிறந்ததில்லை. உங்கள் மகள் காலை எட்டு மணிக்குப் போய் மாலை ஐந்து மணிக்கு வருகிறாள். அந்த ஒன்பது மணி நேரம் வாசற்படியில் படுத்திருக்கும் ஆட்டை நீங்கள் அமைதியானது என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. இன்னொரு ஆடு வேண்டும். பெண் குட்டியோ காயடித்த இன்னொரு கிடாயோ எதுவானாலும் சரி. முதல் சில நாட்கள் மோதிக்கொள்ளும். யார் பெரியவர் என்பது முடிவானதும் ஒன்றாகப் படுக்கும். உங்கள் மகள்மீது அதற்கு இருக்கும் ஒட்டுதல் கொஞ்சம் குறையும் என்பதை அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்தக் குறைவே முட்டலையும் குறைக்கும். இரண்டு ஆட்டுக்கு இடமோ பணமோ இல்லை என்றால், ஓர் ஆட்டையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். இதில் என்னோடு உடன்படாத சக மருத்துவர்கள் உண்டு. ஆள் எப்போதும் இருக்கும் கூட்டுக்குடும்பத்தில் ஒற்றை ஆடு நன்றாகவே வாழ்ந்ததை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். உங்கள் வீட்டில் பகலில் யாரும் இல்லை.

ஆண்டுக் கணக்கையும் பாருங்கள். கறிக்காக வளர்க்கும் கிடாய் ஓராண்டைக்கூடத் தாண்டுவதில்லை என்பதால் ஆட்டின் ஆயுள் எவ்வளவு என்பதே நமக்கு மறந்துவிட்டது. நன்றாக வளர்க்கப்பட்ட வெள்ளாடு பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழும். உங்கள் மகள் கல்லூரி முடிக்கும்போதும் அது இருக்கலாம். இந்த வகையில் ஆடு நாயோடு ஒப்பிடத் தக்கதுதான். தெருவில் சாயம் பூசி விற்கும் கோழிக்குஞ்சோடு அதை ஒப்பிட முடியாது. அவற்றில் பெரும்பாலானவை முட்டைக் கோழி இனத்தின் வேண்டாத சேவல் குஞ்சுகள், சூடு காட்டாமல் சில நாட்களில் செத்துவிடும். கறிக்கோழிக் குஞ்சை எடுத்து வளர்த்தால் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஏறி, காலும் இதயமும் அந்த எடையைத் தாங்காமல் போகும். அங்கே எவ்வளவு அன்பு இருந்தாலும் அந்த இனத்தின் உடலே அதற்கு எதிரி.

மாமனாரும் கணவரும் சொன்ன வழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீதாரியிடம் கொடுத்தால் மந்தையில் மகிழ்ச்சியாக இருக்கும் என்று மகளிடம் சொல்லாதீர்கள். கையில் வளர்ந்த குட்டியை மந்தை முதலில் ஒதுக்கும்; அதுவும் மேய்ச்சலுக்குப் பழகாமல் மெலியும். எப்படியோ தேறினாலும், கிடாயை விற்பதுதான் கீதாரியின் பிழைப்பு, அதில் குற்றம் ஒன்றும் இல்லை. நேர்ச்சை உங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. அதில் கருத்துச் சொல்ல மருத்துவனுக்கு உரிமை கிடையாது, நானும் கறி சாப்பிடுகிறவன்தான். நேர்ந்து விடும் குட்டிக்குப் பிள்ளைகள் கையால் பால் கொடுக்கவும் விடாமல், பெயர் வைக்கவும் விடாமல் தள்ளியே வைத்திருந்த ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். காரணம் கேட்டதற்கு, பெயர் வைத்த பிறகு அது நம் வீட்டு ஆள் ஆகிவிடும், ஆளை வெட்ட முடியாது என்றார். உங்கள் குட்டிக்குப் பெயர் இருக்கிறது. எந்த முடிவாக இருந்தாலும் மகளுக்குத் தெரிந்தே நடக்கட்டும்.

அவள் உடல்நலம் பற்றிய கவலைக்குச் சுருக்கமாக: ஆட்டின் வாயைச் சுற்றிக் கொப்புளமும் பொருக்கும் வந்தால் அது அவள் கையில் தொற்றும், படர்தாமரையும் தொற்றும், தொட்ட பின் சோப்புப் போட்டுக் கழுவுவது போதுமான பழக்கம். பெரிய ஆபத்து வெறிநோய். தெருமுனை வரைக்கும் அவளோடு போகும் ஆட்டை ஒரு நாள் தெருநாய் கடிக்கக்கூடும்; கடித்தால் காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் கால்மணி நேரம் கழுவி, அன்றே ஆட்டுக்கும் தடுப்பூசித் தொடரைத் தொடங்க வேண்டும், ஆட்டின் எச்சில் பட்டவர்கள் மருத்துவரிடம் போக வேண்டும். ஆடுதானே என்று விட்டுவிடாதீர்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசியை ஒரு முறை போட்டால் மூன்று ஆண்டு தாங்கும், துள்ளுமாரி என்னும் குடல் நச்சு நோய்க்கு ஆண்டுதோறும் மழைக்கு முன் போட வேண்டும்; இரண்டும் போடாமல் இருந்தால் காயடிக்கப் போகும் நாளிலேயே கேட்டு, எதை எப்போது போடுவது என்று அங்கே இருக்கும் மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள். ஆட்டைக் கண்ணால் பார்க்காத நான் அதைச் சொல்வது முறையாகாது.

கடைசியாக, உங்கள் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். நாள்தோறும் மாலையில் அது சிறுநீர் கழிப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒழுங்காகத் தாரையாக வந்தால் கவலை இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு, முதுகை வளைத்து முக்கி, சொட்டுச் சொட்டாக விட்டாலோ, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றாலோ, அதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்ற வேண்டாம். சிறுநீர்க் குழாயின் நுனியில் மட்டும் கல் அடைத்திருந்தால் அந்த நூல்போன்ற முனையை வெட்டிவிட்டே சில நேரம் காப்பாற்றிவிடலாம். ஓரிரவு கடந்தால் சிறுநீர்ப்பை வெடித்துவிடக்கூடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், அப்போதே கிளம்புங்கள்.